அரட்டை அறையில் ஒரு குழுக் கூட்டம்



குழுக் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில்தான் மனசில் இருக்கிற கேள்வி வெளியே வரும். எம். புதுப்பட்டி சுற்றுவட்டாரக் குழுக்களுக்கு நாங்கள் போகும்போது இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இதுதான்: "வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்ததிலிருந்து தெரியாத நம்பரிலிருந்து போன் வருது. நம்பரைக் கொடுக்காம நாலு ஊர்ப் பொம்பளைங்க சேர்ந்து பேச ஒரு வழி இல்லையா?"

வழி இருக்கிறது. அதற்குப் பேர் அரட்டை அறை. இங்கிலீஷில் சாட் ரூம் என்பார்கள். வாட்ஸ்அப் பிறப்பதற்கு இருபது வருஷம் முந்தியே இருந்த வசதி இது. இன்றைக்கும் இருக்கிறது, காசு கிடையாது. இதற்கென்று தனி ஆப் எதையும் இறக்க வேண்டியதில்லை. நம் போனில் இணையப் பக்கம் பார்க்கிற குரோம் போன்ற பிரவுசர் இருந்தால் அதுவே போதும்.

"அரட்டையா? அது வேலையத்தவங்க சமாச்சாரமாச்சே" என்று ஒதுக்கிவிட வேண்டாம். நாலு பேர் கூடிப் பேசிய பேச்சிலிருந்துதான் நம் குழுவே பிறந்தது. எதைப் பேசுகிறோம், யாரோடு பேசுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதையும் சேர்த்து இந்த இதழில் பார்ப்போம்.

அரட்டை அறை என்றால் என்ன?

நம் சமுதாயக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்திருக்கிறது. உள்ளே பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் பேசினால் பத்துப் பேருக்கும் கேட்கும். பாதியில் வந்தவருக்கு முன்னால் பேசியது தெரியாது. எழுந்து போனவருக்குப் பின்னால் பேசுவது கேட்காது. இதையே எழுத்தில் செய்வதுதான் அரட்டை அறை. நாம் ஒரு வரி அடித்து அனுப்பினால், அந்த நேரத்தில் அறையில் இருக்கும் எல்லோருடைய திரையிலும் அந்த வரி வந்து நிற்கும்.

வாட்ஸ்அப் குரூப்புக்கும் இதற்கும் மூன்று வித்தியாசம் உண்டு.

ஒன்று, நம்பர். வாட்ஸ்அப்பில் கணக்குத் தொடங்கப் போன் நம்பர் வேண்டும். குரூப்பில் சேர்ந்தால் அந்த நம்பர் மற்றவர் கண்ணில் படவும் வாய்ப்பு உண்டு. அரட்டை அறைக்குள் போக ஒரு புனைபெயர் இருந்தால் போதும்.

இரண்டு, நேரம். வாட்ஸ்அப்பில் காலையில் அனுப்பிய செய்தியை ராத்திரி பார்க்கலாம். அரட்டை அறையில் அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்தான் பார்க்க முடியும். வாட்ஸ்அப்பை ஊர் அறிவிப்புப் பலகை என்று வைத்துக்கொண்டால், அரட்டை அறையை வாரக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று, பாரம். இந்த அறையில் போவது பெரும்பாலும் வெறும் எழுத்துத்தான். படமும் வீடியோவும் வந்து குவியாது. அதனால் டேட்டா கொஞ்சம்தான் செலவாகும். சிக்னல் மெலிவாக இருக்கிற இடத்திலும் ஓரளவு ஓடும்.

இது எங்கிருந்து வந்தது?

பின்லாந்து நாட்டில் ஔலு என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினன் என்பவர் 1988 ஆகஸ்டில் இந்த முறையை உருவாக்கினார். அதற்கு ஐ.ஆர்.சி. என்று பேர். இணையம் வழியாக மாற்றி மாற்றிப் பேசும் அஞ்சல் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். 1991-இல் சோவியத் நாட்டில் ஆட்சியைக் கவிழ்க்க முயற்சி நடந்தபோது, பத்திரிகைக்கும் டி.வி.க்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. அப்போது அங்கே நடப்பதை வெளியுலகம் தெரிந்துகொண்ட வழிகளில் இந்த அரட்டை அறையும் ஒன்று.

நம் பக்கம் இந்த வார்த்தை வந்தது 2000-ஐ ஒட்டிய வருஷங்களில். அப்போது டவுன்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்காரும் பிரவுசிங் சென்டர்கள் இருந்தன. இளவட்டங்கள் அங்கே போய் யாஹூ சாட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த யாஹூ அரட்டை அறைகள் 2012 டிசம்பரில் மூடப்பட்டன. யாஹூ மெசஞ்சரும் 2018 ஜூலையில் நின்றுவிட்டது. கம்பெனி நடத்தின அறைகள் கம்பெனி நினைத்ததும் மூடிப் போயின. ஆனால் பின்லாந்தில் பிறந்த பழைய முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்று அது திறந்த முறையாக இருப்பதுதான் காரணம்.

இப்போது அந்த முறையில் நடப்பவற்றில் பேர் பெற்றது லிபெரா சாட். இதன் கதை நமக்குப் பிடிக்கும். ஃப்ரீநோட் என்ற பெரிய அரட்டை வலையமைப்பைச் சம்பளம் வாங்காத தொண்டர்கள் வருஷக்கணக்கில் நடத்தி வந்தார்கள். அது யார் கையில் இருப்பது என்பதில் தகராறு வந்தது. 2021 மே மாதம் அந்தத் தொண்டர்கள் மொத்தமாக வெளியே வந்து லிபெரா சாட்டைத் தொடங்கினார்கள். லாப நோக்கம் இல்லாத சங்கமாக ஸ்வீடன் நாட்டில் பதிவு செய்திருக்கிறார்கள். உறுப்பினர்களே சேர்ந்து நடத்துகிற கூட்டமைப்பு எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே மாதிரிதான் இதுவும்.

மேலூர் சொல்லும் பாடம்

கிராமத்துப் பெண்களுக்கு இணையப் பேச்சு சரிப்பட்டு வருமா என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்து மாவட்டமே பதில் சொல்லியிருக்கிறது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001-இல் 'சாரி' என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யின் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்துக் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள். என்-லாக் என்ற நிறுவனமும் அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் இதில் சேர்ந்திருந்தன. கண்ணில் கோளாறு என்று வந்தவரின் கண்ணை மையத்தில் உள்ள சின்ன கேமராவில் படம் எடுத்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமா, வேண்டாமா என்று அங்கிருந்து பதில் வந்தது. பஸ் ஏறிப் போய் ஒரு நாள் கூலியை இழக்காமல் அந்த விவரம் கையில் கிடைத்தது.

புதுச்சேரிப் பக்கம் 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களை நடத்தியது. வீராம்பட்டினம் மீனவர் கிராமத்தில், கடல் அலை எவ்வளவு உயரம் வரும் என்பதை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். எங்கோ கிடக்கும் விவரத்தை ஊருக்குப் புரியும் பேச்சில் கொண்டுவந்து சேர்த்ததுதான் அந்த மையத்தின் பலம்.

மேலூர்க் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சில வருஷங்களிலேயே அங்கே பல மையங்கள் மூடப்பட்டுவிட்டன. வருமானம் போதவில்லை. பின்னால் நின்று தொடர்ந்து தாங்கிப் பிடிக்கும் அமைப்பும் இல்லாமல் போனது. இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? கருவி வந்தால் மட்டும் போதாது. கூடிப் பேசும் பழக்கம் உள்ள ஆட்கள் பின்னால் இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வாரம் தவறாமல் கூடி, வருகைப் பதிவு எடுத்து, தீர்மானம் எழுதுகிற குழுவை விடப் பெரிய அமைப்பு வேறென்ன வேண்டும்?

உள்ளே போவது எப்படி?

லிபெரா சாட்டை உதாரணமாக வைத்துச் சொல்கிறோம். வீட்டில் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி இருந்தால் அதில் செய்யலாம், எழுத்துப் பெரிதாகத் தெரியும். இல்லையென்றால் போனே போதும். கீழே சொல்லும் இணைய முகவரி, பெயர், கட்டளை எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும். படித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: குரோமைத் திறந்து, மேலே முகவரிப் பெட்டியில் வெப், புள்ளி, லிபெரா, புள்ளி, சாட் என்று இடைவெளி இல்லாமல் அடித்து உள்ளே போங்கள். கூகுளில் தேடி, வருகிற எதையாவது தொடுவதை விட முகவரியை நேராக அடிப்பது நல்லது.

படி 2: நிக்நேம் என்று ஒரு பெட்டி வரும். அதுதான் புனைபெயர். பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும். நடுவில் இடைவெளி விடக்கூடாது. முதல் எழுத்து எண்ணாக இருக்கக்கூடாது. முழுப்பெயர், ஊர்ப்பெயர், பிறந்த வருஷம், போன் நம்பர் எதையும் இதில் சேர்க்காதீர்கள். மல்லிகை, தாழம்பூ, குயில் என்று ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை ஏற்கெனவே வேறொருவர் வைத்திருந்தால் பின்னால் ஓர் எண் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 3: கனெக்ட் என்ற பொத்தானைத் தொடுங்கள். நாலைந்து வரி இங்கிலீஷில் ஓடும். பயப்பட வேண்டாம், அது வரவேற்பும் விதிமுறையும்தான். நீங்கள் கட்டிட வாசலுக்குள் வந்துவிட்டீர்கள். இன்னும் அறைக்குள் போகவில்லை.

படி 4: அறைக்குள் போகக் கீழே உள்ள பெட்டியில் ஒரு சாய்கோடு ( / ) போட்டு, ஒட்டினாற்போல 'ஜாயின்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு அறையின் பெயரை அடியுங்கள். அறையின் பெயருக்கு முன்னால் # என்ற குறி வரும். லிபெரா சாட் முக்கியமாகக் கட்டற்ற மென்பொருள் செய்பவர்களுக்காக நடப்பது. அவர்களுடைய திட்டங்களின் அறைக்கு ஒரு குறி. நம்மைப் போன்ற பொதுப் பேச்சு அறைகளுக்கு ## என்று இரண்டு குறி போட வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள்.

படி 5: இல்லாத ஒரு பெயரை அடித்தால் அந்த நொடியிலேயே அந்தப் பெயரில் புது அறை பிறந்துவிடும். முதலில் நுழைந்தவர்தான் அறைப் பொறுப்பாளர். பொறுப்பாளருக்கு அடையாளமாக @ என்ற குறி இருக்கும். நம் குழுவில் ஊக்குநர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குத் தலைப்பு வைப்பது, தொல்லை கொடுப்பவரை வெளியேற்றுவது எல்லாம் அவர் கையில் இருக்கும்.

படி 6: அறைக்குப் பூட்டுப் போடுங்கள். பொறுப்பாளர் சாய்கோடு போட்டு 'மோட்' என்று அடித்து, இடைவெளி விட்டு அறைப் பெயர், அடுத்து கூட்டல் குறியோடு கே என்ற இங்கிலீஷ் எழுத்து, அடுத்து ரகசியச் சொல் என்று அடித்தால் பூட்டு விழுந்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சொல் தெரிந்தவர்தான் உள்ளே வர முடியும். வருகிறவர் 'ஜாயின்' கட்டளையில் அறைப் பெயருக்குப் பின்னால் அந்தச் சொல்லைச் சேர்த்து அடிக்க வேண்டும். ரகசியச் சொல்லைக் குழுக் கூட்டத்தில் நேரில் வாயால் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

படி 7: பேசி முடித்ததும் சாய்கோடு போட்டு 'குயிட்' என்று அடித்தால் வெளியே வந்துவிடலாம். பிரவுசர் பக்கத்தை மூடினாலும் வெளியே வந்ததாகத்தான் கணக்கு. அடுத்த தடவை திறக்கும்போது பழைய பேச்சு இருக்காது. எல்லோரும் போய்விட்டால் பதிவு செய்யாத அறையே காணாமல் போகும். அடுத்த வாரம் மறுபடி பிறக்க வைத்துப் பூட்டுப் போட வேண்டும். இதற்காகப் பொறுப்பாளர் ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிடுவது நல்லது.

தமிழில் பேச முடியுமா?

தாராளமாக. புனைபெயரும் கட்டளைகளும்தான் இங்கிலீஷ் எழுத்தில் வேண்டும். பேச்சைத் தமிழிலேயே அடிக்கலாம். எழுதுவது சிரமம் என்கிற அக்காமார்களுக்கும் வழி இருக்கிறது. கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொண்டு, அதில் உள்ள மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் அதுவே எழுதிக் கொடுக்கும். தமிழுக்கு இந்த வசதி 2017 ஆகஸ்டில் வந்தது. கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை வாசித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயம். இந்த முறையில் ஒரு வரி 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே அளவு வைத்துவிட்டார்கள். பைட் என்பது கணினியின் எழுத்து அளவு. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் 'க' என்ற எழுத்துக்கு மூன்று பைட். 'கொ' என்றால் எழுத்துக்கு மூன்று, கொம்புக்கு மூன்று என ஆறு. ஆக இங்கிலீஷில் நீளமாகப் போகிற வரி, தமிழில் பத்துப் பதினைந்து சொல்லோடு முடிந்துவிடும். மிச்சம் அடுத்த வரியில் போகலாம், அல்லது வெட்டுப்பட்டும் போகலாம். அதனால் சின்னச் சின்ன வரியாகச் சொல்லுங்கள். 'பால் கொள்முதல் பணம் வந்தாச்சா?' ஒரு வரி. 'எங்க ஊருக்கு இன்னும் வரல.' இன்னொரு வரி. நாம் வாயால் பேசுவதும் இப்படித்தானே!

நம் கூட்ட ஒழுங்கே அறையின் ஒழுங்கு

இருபது பேர் ஒரே நேரத்தில் அடித்தால் சந்தைக் கடை மாதிரி ஆகிவிடும். இதைச் சமாளிக்கப் புதுசாக எதுவும் படிக்க வேண்டாம். நாம் குழுவில் கடைப்பிடிப்பதையே இங்கேயும் கடைப்பிடித்தால் போதும்.

* நேரம் குறித்துக்கொள்ளுங்கள். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அது நம் உயிர்ப் பாதுகாப்பு, அதில் சமரசம் வேண்டாம். ஆலை வேனை விட்டு இறங்கி, அடுப்பு வேலை முடிந்து ராத்திரி எட்டு மணி என்று வைத்தால் எல்லோருக்கும் தோதுப்படும். அரை மணி நேரம் போதும்.

* வருகைப் பதிவு எடுங்கள். பொறுப்பாளர் கேட்டதும் ஒவ்வொருவராக 'வந்தாச்சு' என்று அடிக்க வேண்டும். தெரியாத பேர் ஒன்று உள்ளே இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

* பேச வேண்டிய பொருளை முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பொருள். கால்நடை முகாம் என்றைக்கு, தீவனம் எங்கே மலிவு, காகிதக் குழாய் உருட்டும் கூலியும் பெட்டி ஒட்டும் கூலியும் எந்த ஊரில் என்ன. இப்படிப் பேசினால் பலன் உண்டு. ஒரு ஊரில் கொடுக்கிற கூலி பக்கத்து ஊருக்குத் தெரியாமல் இருப்பதால் நஷ்டப்படுவது நாம்தானே?

* பேச விரும்புகிறவர் முதலில் ஒரு புள்ளி அடித்து அனுப்பட்டும். பொறுப்பாளர் பெயர் சொன்ன பிறகு பேசட்டும்.

* முக்கியமானதைத் தீர்மானப் புத்தகத்தில் அன்றைக்கே எழுதிவிடுங்கள். அறை எதையும் சேர்த்து வைக்காது. நம் நோட்டுத்தான் சேர்த்து வைக்கும்.

* பொறுப்பாளரைச் சுழற்சி முறையில் மாற்றுங்கள். ஒருத்தருக்கு மட்டும் தெரிந்த வித்தை, அவர் ஊருக்குப் போய்விட்டால் நின்றுபோகும்.

பேர்தான் தெரியும், ஆள் யார்?

இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்து போனாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம். நம்பர் கேட்காத கதவு நமக்கு எவ்வளவு வசதியோ, கெட்ட எண்ணத்தோடு வருகிறவனுக்கும் அவ்வளவு வசதி. மல்லிகை என்ற பேரில் உள்ளே இருப்பவர் நம் பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், எங்கோ உட்கார்ந்திருக்கும் ஆம்பளையாகவும் இருக்கலாம். பதிவு செய்யாத பேரை நாம் வெளியே வந்ததும் வேறு யாரும் எடுத்துக்கொள்ள முடியும். நேற்று பேசிய மல்லிகையும் இன்று பேசுகிற மல்லிகையும் ஒரே ஆள்தான் என்று சொல்ல முடியாது. ஈமெயில் முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்துப் பேரைப் பதிவு செய்துகொண்டால் இந்தத் தொல்லை குறையும். பொறுப்பாளர்களாவது கட்டாயம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பொது அறைகளுக்குள் போனால் தெரியாதவர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு ஏ.எஸ்.எல். என்று மூன்று இங்கிலீஷ் எழுத்தைக் கேட்கலாம். வயசு, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று அதற்கு அர்த்தம். யாஹூ காலத்திலிருந்து வருகிற கேள்வி இது. பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். வம்பு வளர்க்கவும் வேண்டாம், விளக்கம் கொடுக்கவும் வேண்டாம்.

பண விஷயத்தில் ஒரே விதிதான். அறையில் பேசலாம், அறையில் முடிவு எடுக்கக் கூடாது. கடன் யாருக்கு, எவ்வளவு என்பதெல்லாம் முகம் பார்த்து, கையெழுத்துப் போட்டு முடிவு செய்ய வேண்டியவை. "அக்கா, அவசரம், ஆயிரம் ரூபாய் அனுப்புங்க" என்று தெரிந்த பேரிலேயே வந்தாலும், அந்த ஆளைப் போனில் கூப்பிட்டு அவர் குரலைக் கேட்ட பிறகுதான் அடுத்த பேச்சு. வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், போனுக்கு வரும் ஓ.டி.பி. இந்த மூன்றையும் எந்த அறையிலும் எழுதாதீர்கள்.

நம் ஊர்ப் பேரையே வைத்து நடக்கும் மோசடியும் ஒன்று உண்டு. "சிவகாசி நேரடி விலை, பாதி விலைக்குப் பட்டாசு" என்று இணையத்தில் ஆசை காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள். இணையத்தில் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ஆம் தேதி தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. போலி பட்டாசு விற்பனைத் தளங்கள் பற்றி 2024 தீபாவளி சமயத்தில் தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவும் எச்சரித்தது. நாம் ராப்பகலாக உழைத்துச் சம்பாதித்த ஊர்ப்பேரை எவனோ விற்றுத் தின்கிறான். இப்படி ஒரு வரி எந்த அறையில் வந்தாலும் நாம் நம்பவும் கூடாது, மற்றவருக்கு அனுப்பவும் கூடாது.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில், வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். ஏமாற்றியவன்தான் குற்றவாளி, ஏமாந்தவர் இல்லை. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன்னால் தடுக்க வாய்ப்பு உண்டு. மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. கணினி வழியாக வேறொருவர் போல நடித்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணை இணையத்தில் விடாமல் தொடர்ந்து தொல்லை கொடுப்பதும் குற்றம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆவது பிரிவு அதற்கானது. புனைபெயரில் ஒளிந்துகொண்டால் பிடிக்க முடியாது என்று அவன் நினைக்கலாம். எந்த இணைப்பிலிருந்து வந்தான் என்ற தடம் கணினியில் விழும். அதைப் பின்தொடரப் போலீசுக்கு வழி உண்டு. திரையில் வந்த பேச்சை அழிக்காமல் படம் பிடித்து வைத்திருங்கள், அதுதான் சாட்சி.

பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?

நம் பிள்ளைகள் விளையாட்டு ஆப்களிலும் மற்றதிலும் ஏற்கெனவே யார் யாரோடோ பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். "போனைத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்" என்று மிரட்டினால் ஒளித்துச் செய்வார்கள். தொல்லை வந்தாலும் நம்மிடம் சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்கே அரட்டை அறை என்றால் என்ன, புனைபெயர் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். "உன்னிடம் யாராவது போட்டோ கேட்டாங்களா? ஊர் கேட்டாங்களா?" என்று சாதாரணமாகக் கேட்க முடியும். கேட்கத் தெரிந்த அம்மாவிடம்தான் பிள்ளை சொல்லும். நாம் இதைக் கற்றுக்கொள்ள வேண்டியதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

முதல் மாதம் என்ன செய்யலாம்?

முதல் வாரம், குழுக் கூட்டத்திலேயே ஒரே பாயில் உட்கார்ந்து இரண்டு போனில் அறையைத் திறந்து பாருங்கள். எதிரெதிரே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வரி அனுப்பிப் பழகினால் சிரிப்பும் வரும், பயமும் போகும்.

இரண்டாவது வாரம், யார் எந்தப் புனைபெயர் என்று குழு நோட்டில் எழுதி, ஊக்குநரிடம் வையுங்கள். அந்தப் பட்டியல் வெளியே போகக் கூடாது.

மூன்றாவது வாரம், பக்கத்து ஊர்க் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, ராத்திரி எட்டு மணிக்கு அரை மணி நேரம் ஒரே ஒரு பொருளைப் பேசிப் பாருங்கள்.

நாலாவது வாரம், பலன் இருந்ததா, யாருக்கு என்ன சிரமம் என்று நேரில் பேசித் தீர்மானம் போடுங்கள். சரிப்பட்டால் தொடருங்கள். சரிப்படவில்லை என்றால் விட்டுவிடலாம், கைக்காசு நஷ்டமில்லை.

சகோதரிகளே, நாம் முதன்முதலில் வங்கிக்குள் போனபோது படிவம் நிரப்பத் தெரியாமல் வாசலில் நின்றோம். இன்று நம் பேரில் கணக்கு இருக்கிறது, நம் கையெழுத்துக்குக் கடன் வருகிறது. தனியாகப் போயிருந்தால் பயந்து திரும்பியிருப்போம், குழுவாகப் போனதால் உள்ளே போனோம். இந்த அறைக்குள்ளும் அப்படியே போவோம். தெரிந்த ஆட்களோடு, குறித்த நேரத்தில், பூட்டிய கதவுக்குள் பேசுவோம். பணம் என்று வந்தால் மட்டும் முகம் பார்த்து முடிவு செய்வோம்.

பேசிப் பார்த்த குழுக்கள் உங்கள் அனுபவத்தை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் அது உதவும்.